கார்ப் பட்டறை உள்ள பள்ளிக்கூடம்

மகளைக் கார் திருத்தும் வகுப்பில் சேர விடலாமா? ஒரு மாதமாக யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் வெக்ஸ்போர்ட் புறநகரில், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது ஆசிரியர் ஒருவர் எங்களுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டினார். முப்பது வருடங்களுக்கு முன் இந்தப் புறநகர் எழும்பியபோது, எல்லாவிதமான பிள்ளைகளும் ஒரே இடத்தில் படிக்கட்டும் என்று விஞ்ஞானகூடத்தோடு தச்சுப் பட்டறை, கார்ப் பட்டறை எல்லாம் சேர்த்துக் கட்டினார்களாம். இப்போது கணித வகுப்புகளில் இடமில்லை. எங்கள் தமிழ் ஆட்களின் பிள்ளைகள் அங்கேதான் நிறைந்திருக்கிறார்கள். கார்ப் பட்டறையில் பாதி இடம் காலி. இன்னும் குறைந்தால் அதை மூடிவிட்டுக் கணினி அறையாக்கப் போகிறார்கள்.

கணிதம் மண்டையில் ஓடாதவர்களுக்குத்தான் பட்டறை என்று யாழ்ப்பாணத்தில் கேட்டு வளர்ந்தவள் நான். திரும்பி வரும்போது, கார் வகுப்பில் சேர வேண்டும் என்று சொன்ன மகளிடம், "உதைப் படிச்சு டொக்டரா வரேலுமே?" என்று கேட்டேன்.

"அப்பான்ர கார் நிண்டா டொக்டரிட்டையோ கொண்டு போவியள்?" என்றாள்.

கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் மனம் ஆறவில்லை.

அடுத்த வருடப் பாடங்களை அவள் இந்த மாத முடிவுக்குள் தெரிவு செய்ய வேண்டும். நான் வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள். அதுதான் எனக்குப் பயம். வாசகர்களே, உங்கள் பிள்ளைகள் யாராவது இப்படிப் படித்திருந்தால், பிறகு அவர்களால் பல்கலைக்கழகத்துக்குப் போக முடிந்ததா என்று தயவுசெய்து எனக்கு எழுதிச் சொல்லுங்கள்.