பெத்தேல் வீட்டு மாடி

ஒத்தக்கடையில் ஜேசுராஜ் சார் கட்டிய வீட்டுக்குப் பெத்தேல் என்று பெயர். கடவுளின் வீடு என்று அர்த்தம். "கட்டியது நான், குடியிருப்பது கடவுள்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

மிஷன் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். பிரிவு உபசாரத்தில் கொடுத்த உலக உருண்டை, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலம் செபமாலை முடிந்ததும் அதைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடி விரல் வைப்பார். விரல் விழுந்த நாட்டுக்காக அன்றைய செபம். கடலில் விழுந்தால் மீனவர்களுக்கு. மங்கோலியாவில் ஆடு மேய்ப்பவர்கள் குளிரில் வாடுவதை நினைத்து ஒருநாள் கண்கலங்கிவிட்டார்.

"அம்புட்டுத் தூரம் போறீக. இந்தா இருக்குற காளவாசல்ல என் தங்கச்சி காச்சல்ல கெடக்கா, ஒரு எட்டுப் போயிட்டு வரலாம்ல" என்றார் மனைவி ஆனிமேரி.

"அந்தப் பக்கம் ஒரே டிராஃபிக்" என்றார் சார்.

மாடி காலியானது. வாடகைக்கு என்று போர்டு தொங்கியது. கேட்டு வந்தவள் செல்லக்கிளி, பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் தங்கியிருந்த ஹாஸ்டலை இடிக்கப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு பார்த்து, ஊரிலிருக்கும் அம்மாவையும் கூட்டிவர வேண்டும்.

"எந்த ஊரும்மா?"

"பேரையூர் சார்."

"பேரையூர்ல எங்கன?"

"பஸ் ஸ்டாண்டு தாண்டி."

"தாண்டின்னா?"

பூகோளம் நடத்தியவர் அல்லவா, இடம் துல்லியமாகத் தெரியாமல் விடமாட்டார்.

"காலனி சார்." அவள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். பல வாசல்களில் பதில் சொல்லிப் பழகியவள்.

"அடடா, மாடிக்கு எங்க சொந்தக்காரங்க வாராங்கம்மா. போர்டக் கழட்ட மறந்துட்டேன்."

ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாத சாதி ஒன்று உண்டு. பெண் கொடுக்கும்போதும் வீடு கொடுக்கும்போதும் மேலே மிதந்து வரும்.

அடுப்படியிலிருந்து ஆனிமேரி எட்டிப்பார்த்தார். "உங்க எந்தச் சொந்தக்காரங்க?"

"இருப்பாங்க யாராச்சும்" என்றார் சார். ஆனிமேரி, அவள் போன பக்கமே வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போய்விட்டு வந்தார். போர்டு தொங்கிக்கொண்டே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டம் பெத்தேலில். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டில் கூடிச் செபிப்பது வழக்கம். ஹால் நிறைந்திருந்தது. மன்றாட்டு நேரம் வந்தது. ஒருவர் வேண்டுதலைச் சொல்ல, மற்றவர்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முடிக்க வேண்டும். எல்லாக் குரலுக்கும் மேலே நிற்பது சாரின் வகுப்பறைக் குரல். சூடானுக்காகக் கேட்டருளும். பெருவுக்காகக் கேட்டருளும். அடுத்து ஆனிமேரியின் முறை.

"பேரையூரிலிருந்து வந்து நம்ம மாடியில குடியேறப்போற செல்லக்கிளியையும் அவ தாயையும் இந்த வீடு சந்தோஷமா ஏத்துக்கணும்னு, ஆண்டவரை மன்றாடுவோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

சாரின் குரல்தான் முதலில் வந்தது. வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது; புத்தி பின்னால் வந்து சேர்ந்தபோது கூட்டம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தது. கடவுள் காதில் விழுந்ததோ என்னவோ, தெருவின் காதில் விழுந்துவிட்டது.

"மாடிக்கு ஆள் வந்தாச்சா அண்ணே?" என்றார் எதிர்வீட்டு ஜூடு, சுண்டலை மென்றபடி. "அன்னைக்கு வந்துட்டுப் போன ஆஸ்பத்திரிப் பிள்ளைதான? பிரஷர் பாக்க ஆளாச்சு."

சார் மனைவியைப் பார்த்தார். அவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை நம்பர் வாங்கி வச்சிருக்கேன். நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க, அதான் மரியாதை."

கூட்டம் கலைந்ததும் கூப்பிட்டார். "சொந்தக்காரங்க வரலைன்னுட்டாங்கம்மா."

"தெரியும் சார். போர்டு தொங்குதுல்ல, பஸ்ஸுல போகையில பாத்தேன்."

"தப்பு என்னுதும்மா. மாடி உங்களுக்குத்தான்" என்றார் சார்.

"ஞாயித்துக்கிழமை அம்மாவோட வாரேன் சார்."

ஞாயிறு சாயங்காலம் வாசலில் சாமான் வண்டி வந்து நின்றபோது, சார் கண்ணை மூடி உலகத்தைச் சுற்றிவிட்டிருந்தார்.

"அத அப்பறம் சுத்தலாம்" என்றார் ஆனிமேரி. "பீரோ ஏத்தணும். ஒரு கை பிடிங்க."

சார் உலகத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார்.