ஒரு வாய்த் தண்ணீர்

செவிலிமேட்டுச் சங்கீதாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தவள், கேஸை மூடினோமா என்று திரும்பி ஓடுவாள். "உன்னைக் கட்டிக்கினு நான் படற பாடு இருக்குதே!" என்று புருஷன் முத்துக்குமார் தலையில் அடித்துக்கொள்வான். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: மனநல கிளினிக்கில் கெட்டமைன் மருந்தை நரம்பில் ஏற்றும் அறையில் நர்ஸ். மனச்சோர்வுக்கு மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்காகும். இது ஒரே நாளில் ஆளைத் தூக்கி நிறுத்தும். அளவு கூடினால் பிரஷர் எகிறும். குறைந்தால் ஏற்றியும் பிரயோசனமில்லை.

சின்ன காஞ்சிபுரம் ஸுபத்ரா மாமிக்கு முதல் தடவை முழு அளவு ஏற்றினார்கள். சாகணும், சாகணும் என்று ஆறு மாதமாகப் புலம்பியவள், மறுநாள் தானே எழுந்து காபி கலந்தாள். ஆனால் மருந்து ஏறும்போது பிரஷர் நூற்றுத்தொண்ணூறைத் தொட்டிருந்தது. டாக்டர் இளங்கோவன் அடுத்த இரண்டு தடவையும் அளவைப் பாதியாக்கினார். பிரஷர் அடங்கியது, சாவுப் பேச்சு திரும்பி வந்தது. நான்காம் தடவை வேறு வழியின்றி முழு அளவையே எழுதினார்.

சங்கீதாவின் அப்பா நமச்சிவாயம் பிரஷர் ஏறித் தறியிலேயே சாய்ந்தவர். மருந்தைத் தொடுமுன் கேட்டாள்: "காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களா மாமி?"

மாமியின் கணவர் ஸுதர்சன் முந்திக்கொண்டார். "நன்னா கேட்டே போ! வெறும் வயித்தோட வரணும்னு நீதானேம்மா சொன்னே? நாலு தடவையும் பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலை. ஏகாதசி மாதிரின்னா இருந்திருக்கா!"

அட தெய்வமே! கேஸை மூன்று தரம் பார்க்கிறவள் இதை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு வர வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். டாக்டரிடம் போய் நின்றாள். "தப்பு என்மேலதான் சார். பிரஷர் மாத்திரை போடாமலே வந்திருக்காங்க. இன்னிக்கு வேணாம்."

டாக்டர் பிரஷரைப் பார்த்தார், மருந்து ஏறுமுன்பே நூற்றறுபது. "சரி, நாளைக்கு வெச்சுக்கலாம். அதுவரைக்கும் அந்தம்மா உயிரோட இருக்கணுமேம்மா" என்றார். பிறகு ஸுதர்சனைக் கூப்பிட்டு, ஒரு நிமிஷம்கூட மாமியைத் தனியே விடக் கூடாது என்றார்.

மறுநாள் ஒன்பதுக்கு வரவேண்டியவர்கள் ஒன்பதரைக்கும் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மாமி போய்விட்டாள், நான்தான் கொன்றுவிட்டேன் என்றே சங்கீதா முடிவுகட்டிவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "பெருமாள் புறப்பாடு, தெருவே அடைச்சுண்டு நிக்கறது. அவசரத்துல போனை வேற ஆத்துலயே வெச்சுட்டேன்" என்றபடி ஸுதர்சன் மாமியைக் கைத்தாங்கலாக இறக்கினார். "மாத்திரை ஆச்சு. ஒரே வாய்த் தண்ணிதான்!"

முழு அளவு ஏறியது. நூற்றுமுப்பது. நூற்றுநாற்பத்தைந்து. நூற்றைம்பத்தெட்டு. சங்கீதா மாமியின் கையை விடவில்லை. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். எண் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

இரண்டு மணி நேரம் கழித்து மாமி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "ஏண்டி பொண்ணே, கை ஏன் இப்படிச் சில்லிட்டுப் போயிருக்கு? ராத்திரி தூங்கலையா நீ?"

பாதி அளவு ஏற்றிய நாட்களில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காதவள் மாமி. சங்கீதாவுக்கு அழுகை பீறிட்டது. துடைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பிரஷரை இன்னொரு தரம் பார்த்தாள்.