நந்தியாவட்டைக்குக் கீழே நட்டது

1991ஆம் ஆண்டு தை மாதம் இருபத்துமூன்றாந் திகதி, புதன்கிழமை. காலையில் மச்சாள் வழக்கம்போலப் பித்தளைத் தட்டோடு நந்தியாவட்டையடிக்குப் போய்ச் சாமிக்குப் பூக்கொய்தார். நான் முற்றம் கூட்டி, கிணற்றடியில் குளித்து, பிட்டும் சம்பலும் சாப்பிட்டு, சைக்கிளில் பாடசாலைக் கந்தோருக்குப் போனேன். நாள் முழுவதும் மனம் வேலையில் நிற்கவில்லை. குண்டுக்குப் பயந்து வளவில் வெட்டிய பங்கருக்கு மேலே எதை நடுவது என்பதே யோசனையாக இருந்தது.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. உரும்பிராயில் அந்த வீடு அவருடைய சீதன வீடு. கொழும்புத்துறையில் எங்கள் வீடு இருக்க முடியாததாகிப் போன பிறகு நான் அவரோடு வந்து சேர்ந்தேன். அண்ணை கொழும்பில் வேலையில் இருந்தார். சண்டையில் பாதை அடைபட்டதால் வர வழியில்லை. போகும்போது மச்சாளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

நந்தியாவட்டை ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்து, குடைபோல விரிந்து நின்றது. காலையில் கொஞ்ச நேரம் அதற்கு வெயில் கிடைக்கும். பிறகு மாமர நிழல். அந்த மறைவுக்காகவே பங்கரை அதன் பக்கத்தில் வெட்டினோம். பனங்குற்றி அடுக்கி மேலே மண் போட்டதும், பச்சை வளவுக்குள் சிவப்பாக ஒரு மேடு தெரிந்தது. மேலேயிருந்து பார்ப்பவனுக்கு அது நல்ல அடையாளம். ஆகவே மாரி தொடங்கியதும் மச்சாள் வத்தாளங்கொடி, அதுதான் சர்க்கரைவள்ளி, நட்டார். கெதியாகப் படரும், இலை கறிக்கும் ஆகும் என்பது அவருடைய கணக்கு. படர்ந்தது உண்மை. ஆனால் கிழங்கு வைத்ததும் அகழான் எலிகள் வந்து மேட்டைக் குடைந்தன. பொங்கலுக்கு முன் ஒருநாள், தூரத்தில் குண்டு விழுந்த அதிர்ச்சியில், குற்றிகளின் இடுக்கால் மண் பொலபொலவென்று மச்சாளின் தலையில் கொட்டியது. கண்ணும் வாயும் மண்ணாக வெளியே ஓடிவந்தவர் பிறகு உள்ளே இறங்கவேயில்லை.

அடுத்த முறை குண்டுபோட பொம்மர் விமானம் வந்தபோது நான் உள்ளேயிருந்து கூப்பிடக் கூப்பிட, அவர் நந்தியாவட்டைத் தண்டைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றார்.

“நாங்கள் எரிக்கிற ஆக்கள், தங்கச்சி. உயிரோடை மண்ணுக்கை ஏன் போவான்? நீர் போய் இரும்.”

பகிடிபோலத்தான் சொன்னார். பிடித்த தண்டை விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக் கொடியையும் கிழங்கையும் அகற்றினேன். இடுக்குகளுக்குச் சாக்கு அடைத்து மண்ணை இறுக்கினோம். மறுபடியும் சிவப்பு மேடு. பட்டிப்பூ எங்கும் வளரும். ஆனால் அரை நிழலில் நெட்டையாகிப் பூக்காமல் நிற்கும். வல்லாரைக்கு நிழல் பிடிக்கும். ஈரம் இல்லாமல் அது இராது, எங்கள் தலைக்கு மேலே ஈரம் ஆகாது. கனகாம்பரம் மூட நாளெடுக்கும். நந்தியாவட்டை வேரோடு சண்டை பிடிக்காததாய், மேலோட்டமாக வேர் விடுவதாய், தண்ணீர் அதிகம் கேளாததாய், கிழங்கு வைக்காததாய் ஒன்று வேண்டும். அந்தப் புதன்கிழமை கந்தோரால் திரும்பி வரும் வழியில் ஒரு வேலியோரம் கற்பூரவள்ளி அடர்ந்து நின்றது. கேட்டு, ஒரு பை நிறையத் தண்டு முறித்து வந்தேன்.

பின்னேரம் நடும்போது மச்சாள் எட்ட நின்று பார்த்தார்.

“உதுக்கு அகழான் வராதோ?”

“உந்த மணத்துக்குக் கிட்டவும் வராது, மச்சாள்.”

அதை நான் உறுதியாக அறிந்திருக்கவில்லை. அவர் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மணந்தார். பிறகு பையிலிருந்து நாலைந்து தண்டை எடுத்துப் பங்கர் வாசலின் இரு பக்கமும் தானே ஊன்றினார்.

“அப்ப வாசலிலையும் நிக்கட்டும். உள்ளை ஒரே வெட்டின வேர் மணம்.”

கை கழுவும் முன்னரே பொம்மர் இரைச்சல் கேட்டது. நான் பங்கருக்குள் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். மச்சாள் நந்தியாவட்டையைப் பிடித்தபடி நின்றார். நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் வரமாட்டார் என்று பட்டது. குண்டு கோப்பாய்ப் பக்கம் விழுந்தது. வாசலில் வெளிச்சம் மறைந்தது. மச்சாள் இரண்டாவது படியில் இருந்தார், கசக்கிய இலையை மூக்கோடு பிடித்தபடி. அதற்குமேல் இறங்கவில்லை. மேலேயிருந்து மண் விழுகிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு நாங்களும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அந்த மேடு முழுவதும் பச்சையாக மூடியிருந்தது. மச்சாள் இன்று இல்லை. நான் இருக்கும் மாடிவீட்டில் ஒரு பூச்சாடிக்குத்தான் இடம். அதில் கற்பூரவள்ளி தனியே நிற்கிறது. மழைக்கு இடி இடித்தால் இன்றும் முதலில் கூரையைத்தான் பார்க்கிறேன்.

அன்று தண்டு நட்டதற்கு மறுநாள், வியாழக்கிழமை காலை, மச்சாள் பித்தளைத் தட்டைப் பங்கர்ப் படியில் வைத்தார். பூவில் கை வைக்கவில்லை. வாசலோரத் தண்டு ஒன்றை மெல்லப் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். விட்டிருக்கவில்லை. அதை அதே குழியில் வைத்து, விரலால் சுற்றிவர மண்ணை இறுக்கினார்.