கவிழ்த்து வைக்காத டப்பா

மருமகள் சர்க்கரை டப்பாவை இறக்கித் திறக்கிறாள். உள்ளே ஏமாந்துபோன ஓர் எறும்பு மட்டும்.

“ஏங்க, தீந்துபோனா கவுத்து வைங்கன்னு எத்தனை தடவ சொல்றது? நிமிந்து நின்னா நெறஞ்சிருக்குன்னுதான நெனப்பேன்?”

என் மகன் நாளிதழுக்குள் குடிபுகுந்துவிடுகிறான்.

அவளுடைய பிழைப்பும் இதுதான். கல்யாண வீடியோ தொகுக்கும் ஸ்டூடியோவில், படங்களைச் சேமிக்கும் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு படத்தை அழித்தால் பட்டியலில் பெயர் மட்டும்தான் போகிறதாம். படத்தை வைத்திருக்கும் எஸ்.எஸ்.டி. டிரைவுக்குச் சேதியே தெரியாது. ஒழிந்த படத்தையும் சுமந்துகொண்டு திரியும். ‘இந்த இடம் காலி’ என்று அதனிடம் சொல்வதற்குப் பெயர் ட்ரிம். சொல்லாமலே விட்டால் அதற்கு மூச்சு வாங்கும். அழிக்க அழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாலோ வேலை நகராது. திரையில் சிரிக்கத் தொடங்கிய மணப்பெண் சிரித்து முடிப்பதற்குள் அவளுக்குப் பேரன் பிறந்துவிடுவான். ஆகவே வாரம் ஒருமுறை, விடுமுறை நாளில், மொத்தமாகச் சொல்லும்படி மாற்றினாள். முதலாளி அதைச் சோம்பேறித்தனம் என்றார்.

“மாமியார் மாதிரி நிமிஷத்துக்கு ஒருதரம் சொன்னா எதுவும் ஓடாது சார்” என்றாளாம். அதை என்னிடமே வந்து சொல்லிச் சிரிக்கிற துணிச்சல் வேறு.

போன வாரம் தொகுக்கும் பையன், பழைய கல்யாணம் என்று நினைத்துப் புதியதை அழித்துவிட்டான். நகல் எடுக்கவில்லை, கேமரா கார்டுகளையும் துடைத்தாயிற்று. இன்னொருமுறை கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லவா முடியும்? வேலை போயிற்று என்று வெளிறி நின்றான். இவள் வந்ததும் முதல் காரியமாக வாராந்தர ட்ரிம்மை நிறுத்தினாள். அழிந்ததன்மேல் புதிது ஏறிவிடாதபடி யாரும் எதையும் சேமிக்கக் கூடாது என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“டிரைவ்கிட்ட காலின்னு இன்னும் சொல்லல தம்பி. அதுக்குத் தெரியாத வரைக்கும் உன் கல்யாணம் உள்ளதான் இருக்கு.”

“என் கல்யாணம் இல்லக்கா” என்றான் அவன், அழுகைக்கு நடுவில்.

சாயங்காலத்துக்குள் கல்யாணம் முழுசாகத் திரும்பியது, யாரோ ஒரு மாமா விட்ட கொட்டாவி உட்பட. முதலாளி, இனி ட்ரிம்மே வேண்டாம் என்று குதித்தார். பெருக்காத வீட்டில் குடியிருப்பீர்களா என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள். நகல் எடுத்து முடிந்த பிறகே ட்ரிம் ஓடும்படி திருத்திவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று அதிசயமாகச் சர்க்கரை டப்பா கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் என் மகன், கோட்டையைப் பிடித்தவன்போல் நின்றிருந்தான். அவள் டப்பாவை எடுத்தாள். காதோரம் வைத்து ஒருமுறை மெல்லக் குலுக்கிக் கேட்டாள். பிறகுதான் மறுபடி கவிழ்த்தாள்.