கடை வாசலில் அத்தையின் படம்

நெதர்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. வீதியில் போகிறவர்கள் நம் கூடத்தைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அப்படித்தான் பக்கத்து வீட்டு அன்னெக்கே, சுவரில் இருந்த அத்தையின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினாள். "மொடெல்?" என்றாள். அத்தை போட்டிருக்கும் மாடல் பிளவுஸைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "யா, யா" என்றேன். என் அத்தை விளம்பர அழகியாக இருந்தவள் என்று இப்போது தெருவே நம்புகிறது. நான் திருத்தவில்லை.

அத்தை, அப்பாவின் அக்கா. பெரம்பலூரில் ஒற்றைத் தையல் மெஷினோடு தொடங்கி, கல்யாணப் பெண்கள் தேடிவரும் துணிக்கடையாக வளர்த்தவள். படத்தில் தானே வெட்டித் தைத்த பஃப் கை ரவிக்கையில், இடுப்பில் கை வைத்து, சிரிக்காமல் காமிராவை நேராகப் பார்க்கிறாள். அதைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டியதும், ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலையில் இருந்த அப்பா பஸ் பிடித்து வந்தார்.

"பொம்பள போட்டோவ ரோட்டப் பாத்து மாட்டுவாங்களாக்கா? கழட்டு மொதல்ல."

"எங் கடைக்கு எம் மூஞ்சிதாண்டா போர்டு. புடிக்கலன்னா இந்தப் பக்கம் வராத."

அப்பா வரவில்லை, வருஷக்கணக்கில். தீபாவளிக்கு அத்தை தைத்த என் பாவாடை சட்டை மட்டும் பஸ் கண்டக்டர் கையில் அரியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

போன தை மாதம் அத்தை இறந்துபோனாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அவளுடைய வேறு படமே யாரிடமும் இல்லை. அப்பாவே ஸ்டூல் போட்டு ஏறி, கடை வாசலிலிருந்து அதைக் கழற்றினாராம். வீடியோ காலில் கூப்பிட்டவர், சிறுவாச்சூர் போகும் சாலையோரம் நின்றுகொண்டு போனைத் திருப்பிக் காட்டினார். பேனரில் ஆள் உயரத்துக்கு மேலே அத்தை. லாரிகள் அவளைக் கடந்து போயின.

"தெரியுதாம்மா? ரோட்டப் பாத்துதான் கட்டணும்னு சொல்லிட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. "தெரியுதுப்பா" என்றேன். போனை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். கருமாதி முடிந்து அந்தப் படத்தை அப்பா பார்சலில் அனுப்பினார். பிரித்து மாட்டியபோதும் கை மட்டும்தான் வேலை செய்தது.

போன வாரம், என் கல்யாணத்துக்கு அத்தை தைத்த பச்சை ரவிக்கையை எடுத்தேன். போட்டுப் பார்த்தால் இறுக்கிப் பிடித்தது. பின்னால் தளர்த்திக்கொள்ள உள்பக்கம் இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைத்திருந்தாள். பழைய தையலைப் பிரித்துத் தளர்த்தினேன். மடிப்புக்குள் கிடந்த துணி அப்படியே கரும்பச்சை, வெளியில் இருந்தது வெளிறிய பச்சை. இரண்டுக்கும் நடுவே ஊசித் துளைகள் வரிசையாக. அதைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு கோட்டும் மாட்டி, சைக்கிளில் ஏறினேன்.