வசனம் இல்லை என்று சொன்ன ஒப்பாரி

புலம்பெயர்ந்து வந்த ஹென்டர்சனில் நான் வேலை செய்யும் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கும் குர்திஷ் பெண் ஒருத்தி, பிறமொழிப் படங்களுக்குத் தன் மொழியில் குரல் கொடுப்பாள். சம்பளமில்லாத வேலை, எழுத்து வாசிக்கத் தெரியாத தன் தாய்க்காகத் தொடங்கியது. ஊரில் தன் சகோதரன் இறந்ததை இவள் தாயிடம் நாற்பது நாள் மறைத்திருந்தாளாம். அன்றிலிருந்து மகள் எதைச் சொன்னாலும், “எதை விட்டாய்?” என்றுதான் தாய் கேட்பாளாம்.

“அதாலைதான் ஒரு வசனமும் விடமாட்டன்,” என்றாள். எங்களுக்குள் ஆங்கிலம்தான், எழுதும்போது என் பேச்சாக வந்துவிடுகிறது.

போன குளிர்காலத்தில் ஒரு தமிழ்ப் படத்தோடு வந்தாள். பக்கத்து ஊரான கிளென் ஈடனில் அவள் வீட்டுக் கராஜில் நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்ல, அவள் வெளிச்சத்தம் பதியாமலிருக்க மைக்கோடு போர்வைக்குள் புகுந்து குர்திஷில் பேசுவாள். பிள்ளையின் உடலுக்கு முன்னால் தாய் ஒப்பாரி வைக்கும் இடம் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

‘பந்தல் போட்ட வாசலிலை பாடை கட்ட வைச்சியே, என்ர ராசா...’ இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சிரிப்பாளோ என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. என் அம்மா இப்படி மாரடித்து அழுதபோதே கதவைச் சாத்தியவன் நான்.

“அது வசனமில்லை, சும்மா அழுகை. அப்பிடியே விடுங்கோ,” என்றேன். சீ, என்ன வாய் எனக்கு!

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டில் படம் பார்த்தோம். படத்தில் அதுவரை குர்திஷில் பேசிய தாய் ஒப்பாரியை மட்டும் தமிழில் வைத்தாள். சிநேகிதியின் தாய் நிமிர்ந்து மகளிடம் ஏதோ கேட்டாள். மகள் பதில் சொன்னாள். கிழவி வெடுக்கென்று எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

“சும்மா அழுகைதான் எண்டு சொன்னன். திரும்பவும் மறைக்கிறாய் எண்டுட்டுப் போறா,” என்றாள் மகள்.

என் பொய்யை அவள் கொஞ்சமும் சந்தேகிக்கவில்லை.

“பொய் சொன்னது நான். வசனம் இருக்கு.”

திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். அவளோ என்னை அறைக்குள் கூட்டிப்போனாள். கட்டிலில் இருந்த தாயின் முன் நின்று, பிழை என்னுடையது, உங்கள் மகளுடையதல்ல என்றேன். ஒப்பாரியையும் வரி வரியாகச் சொன்னேன். ஆனால் நான் சொன்னதைக் குர்திஷில் சொல்ல அங்கே மகளைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? மகள் சொல்லச் சொல்ல, தாய் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஏதோ சொன்னாள். மகளின் முகம் செத்துப்போயிற்று.

“என்ன சொன்னா?” என்றேன்.

“ஒண்டுமில்லை. சும்மா அழுறா.”

தாயின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.