இரண்டாம் சாட்சியின் இடம்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை அச்சிடும் அண்ணன்மார் இருவரும் ஒரு பக்கத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அப்பாவைப் பற்றி நல்லதாக எழுது என்றார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா அனந்தபுரத்தில், மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறிக்கக் கூலி போனவர்களுக்குப் பிறந்தார். பசியோடு படித்தார். கையெழுத்து அழகாக இருந்ததால் திண்டிவனத்தில் பத்திர எழுத்தர் ஆனார். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, வேலை பார்த்த காலம் முழுக்க ஒரே மேசை. அவர் எழுதிய பத்திரம் எதுவும் திரும்பி வந்ததில்லை. ஒருமுறை கெடாரிலிருந்து ஓர் அம்மாள், புருஷன் சாகுமுன் கைநாட்டு வைத்த உயிலோடு வந்தார். சாட்சி ஒருவர்தான்.

"எழுதிட்டா மட்டும் போதுமா? ரெண்டு பேரு சாட்சி போட்டிருக்கணும்மா. இது செல்லாது, எடுத்துக்கினு போ" என்றார் அப்பா. சாப்பாட்டுத் தூக்கோடு நான் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மாள் அழுததை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என் கணவர் என்னை விட்டுப் போன பிறகு அப்பாவோடு வந்து தங்கினேன். வாதம் வந்து அவர் கால்கள் விழுந்தன. ஆறு ஆண்டுகள் மலமும் மூத்திரமும் அள்ளியவள் நான். அண்ணன்கள் பொங்கலுக்கு விழுப்புரத்திலிருந்து வந்து பழம் வைத்துவிட்டுப் போவார்கள். "வூடு உனக்குத்தான். உயில் எழுதி வச்சிருக்கேன்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். அதை நம்பித்தான் வேறு வழி தேடாமல் இருந்தேன்.

ஒருநாள் பீரோவைத் துடைக்கும்போது உயிலை எடுத்துப் பார்த்தேன். அவருடைய முத்து முத்தான எழுத்து, நான்கு எல்லைகளும் சரியாக. முதல் சாட்சி பக்கத்து வீட்டுக்காரர். இரண்டாம் சாட்சியின் இடம் காலி. மறந்துவிட்டாரோ என்று அசடு மாதிரி கேட்டேன்.

"நான் மறப்பேனா? அதுவும் ரொம்பிப்போச்சின்னா நீ எனக்குக் கஞ்சி ஊத்திக்கினு இருப்பியா?" என்றார்.

கஞ்சியை ஊட்டினேன். அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஊட்டினேன்.

கடைசி நாள் காலையில் மூச்சு வாங்கியது. "மாமாவ ஜல்தியா கூட்டிக்கினு வா" என்றார். மாமா என்று நாங்கள் அழைப்பது அடுத்த மேசையில் எழுதிய அவருடைய நண்பரை. ஆட்டோவில் அழைத்துவந்தபோது அப்பா போய்விட்டிருந்தார். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. உயிலையும் பேனாவையும் நீட்டி, "போட்டுடுங்க மாமா, யாருக்குத் தெரியப்போவுது?" என்று மாமாவின் காலைப் பிடித்தேன்.

"இது தன் கையெழுத்துன்னு அவரு வாயால எங்கிட்ட சொல்லலியேம்மா. நாளைக்குக் கோர்ட்டுல ஏறி நான் என்னான்னு சொல்லுவேன்? செல்லாதும்மா" என்று மாமா பேனாவை மூடினார்.

வழக்குப் போடலாம், நிற்காது என்று விழுப்புரத்து வக்கீலும் சொல்லிவிட்டார். வீடு மூன்று பங்காகிறது. வாங்குவதற்கு அண்ணன்கள் ஆள் பார்த்துவிட்டார்கள். மாதக் கடைசியில் காலி செய்கிறேன்.

ஓடிவந்த ஆட்டோக்காரருக்கும், துக்கத்துக்கு வந்த அனைவருக்கும், பொய்க் கையெழுத்துப் போட மறுத்த மாமாவுக்கும் நன்றி. ஓராண்டு என்னை வீட்டில் இருக்கவிட்ட அண்ணன்களுக்கும் நன்றி.

அப்பா, வீடு போனதைப் பொறுத்துக்கொள்வேன். அந்த இடம் நிரம்பியிருந்தால் நான் உங்களுக்குக் கஞ்சி ஊற்றியிருப்பேனா? நீங்கள் கேட்ட நாள் முதல் யோசிக்கிறேன், எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நீங்கள் என்னை விடவில்லை.